நடுக்கோடு வளைகிறது

ஜூன் 3, திங்கள்

இரண்டாவது கிராபிக்ஸ் கார்டை இன்று பொருத்தியாயிற்று. பொருத்தியவன் நான் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெனடிக்ட் போனில் சொல்லச் சொல்ல நான் கையை மட்டும் அசைத்தேன். "சார், அழுத்துங்க, உடையாது" என்று பலமுறை சொன்னார். உடைந்துவிடும் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. உடையவில்லை.

விளையாடுகிறவள் என் மனைவி தேவநாயகி. கார் பந்தயம். எனக்கு விளையாடவும் தெரியாது, நிஜக் காரும் ஓட்டத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது மட்டும் என் வேலை. மில் நூல் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

போன மாதம் அவள், "படம் மசமசன்னு இருக்குதுங்க. ரோடு தெளிவா வேணும்" என்றாள். அதனால் பெரிய 4கே டிவி வந்தது. பழைய திரையில் இருந்ததைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். அத்தனையையும் வரைய ஒரு கார்டுக்குத் தெம்பு போதவில்லை. இப்போது இரண்டு கார்டுகள், நடுவில் ஓர் இணைப்புப் பட்டை. ஒரு படத்தை முதல் கார்டு வரைகிறது, அடுத்ததை இரண்டாவது. மாறி மாறி.

அவள் சோபாவை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பத்தான் ரோடு ரோடா இருக்குது" என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு மாலைகளில் பொள்ளாச்சியிலிருந்து அவள் தம்பி நாச்சிமுத்து இன்டர்நெட்டில் சேர்ந்துகொள்வான். பஸ் முதலாளியாக இருந்தவன். இருவரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டியபடி, முகம் தெரியாத பத்துப் பேரோடு ஓட்டுவார்கள். இன்று அவள் மூன்றாவது, தம்பி நான்காவது. வீடே கலகலப்பாக இருந்தது.

ஆனால் வேகமாகத் திரும்பும்போது படம் சற்று திக்குகிறதாம். பெனடிக்டிடம் கேட்டேன். "கார்டைக் கொஞ்சம் ஏத்தி ஓட்டுங்க சார். ஓவர்கிளாக். கம்பெனிக்காரன் வெச்ச வேகத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது. எல்லாரும் பண்றதுதான்" என்றார். எல்லாரும் செய்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆறுதல் தந்ததில்லை. சூடு கூடும். அளவு மீறினால் படத்தில் கோளாறு தெரியும் என்றும் சொன்னார்: புள்ளிகள், கிழிசல், கோணல்.

காலையில் காரின் இடப்பக்கக் கண்ணாடி கேட்டில் உரசி மடங்கிவிட்டது. கேட் சரியாகத் திறந்திருக்கவில்லை என்றாள். திறந்தவன் நான்.

ஜூன் 12, புதன்

பதின்மூன்று மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி ஏற்றி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பரிசோதனைக் கூடத்தில் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், அதனால் மெமரியின் வேகத்தைத் தொடவில்லை. மேல் கார்டுதான் அதிகம் சுடுகிறது. கீழ்க் கார்டு விடுகிற வெந்த காற்றைத்தானே அது மூச்சாக இழுக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேஜை விசிறியை வைத்தேன். ஆறு டிகிரி இறங்கியது.

"கொழந்தைக்குக் காச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 16, ஞாயிறு

"நடுக்கோடு வளையுதுங்க."

பந்தயத்தின் பாதியில் சொன்னாள். நேர் ரோட்டில், நடுவே போகும் வெள்ளைக்கோடு ஓரிடத்தில் நெளிந்து போகிறதாம். நான் டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. "நல்லாப் பாருங்க, பாம்பு போன மாதிரி" என்றாள். மறுபடி பார்த்தேன். என் கண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. இரண்டு கண்களிலும் புரை எடுத்தவன் நான். பஸ் வரும்போது எனக்கு முன்னால் போர்டைப் படிப்பது அவள்தான்.

அவளுக்குப் பதினோராவது இடம். நாச்சிமுத்துவின் சிரிப்பு அவள் காதிலிருந்து எனக்கே கேட்டது. அவன் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள்: "மச்சான் முறுக்கேத்துன முறுக்குல ரோடே முறுக்கிக்கிச்சாங்கறான்."

அளவு மீறி ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது. எனக்கு அப்போதே தோன்றியது. இந்த வயதில் இது தேவையா.

ஜூன் 17, திங்கள்

வேகத்தைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டேன். அவளை உட்காரவைத்துக் காட்டினேன். வளைகிறது என்றாள்.

ஒருமுறை சூடேறிக் கெட்ட கார்டு வேகத்தை இறக்கினாலும் சரியாகாது என்று எங்கோ படித்த நினைவு.

ஜூன் 20, வியாழன்

இணைப்புப் பட்டையை மாற்றினேன். வளைகிறது.

ஜூன் 22, சனி

பெனடிக்டே வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஷூவை வாசலிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

"எனக்கு நேராத்தான் தெரியுதும்மா."

"நீ கடையில ஆயிரம் ஸ்கிரீன் பாக்கிறவன். எல்லாம் உனக்கு நேராத்தான் தெரியும்" என்றாள் இவள். "சார் மாதிரியே சொல்றே. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்தார். "இருங்கம்மா, சாட்சியே வெச்சுருவோம்" என்று டிவியைப் படம் பிடித்து அவள் கையில் கொடுத்தார். அவள் போனை முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்சம் தள்ளி, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"இதோ. இதுலயும் வளையுது பாரு."

பெனடிக்ட் என்னைப் பார்த்தார். காப்பியை வேகமாகக் குடித்துவிட்டு, "கார்டை ஒண்ணொண்ணாக் கழட்டிப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டோவிலும் பதிவாகியிருப்பதால் கோளாறு திரையில்தான் இருக்க வேண்டும் என்று மேலே எழுதி, அடித்துவிட்டேன். அந்தப் போட்டோவில் எனக்கும் பெனடிக்டுக்கும் கோடு நேராக இருந்தது.

ஜூன் 24, திங்கள்

தண்ணீர் தொட்டி கழுவ ஆள் வந்தார். மின்கட்டணச் செய்தி வந்தது. போனை என்னிடம் நீட்டி, "படிங்க, கை ஈரமா இருக்குது" என்றாள். படித்தேன்.

கை ஈரமாக இல்லை.

ஜூன் 26, புதன்

மேல் கார்டைக் கழற்றிவிட்டுக் கீழ்க் கார்டை மட்டும் வைத்துச் சோதனை: வளைகிறது. கீழ்க் கார்டைக் கழற்றிவிட்டு மேல் கார்டை மட்டும்: வளைகிறது. இரண்டு கார்டுகளுக்கும் ஒரே கோளாறு, ஒரே இடத்தில், ஒரே அளவில் வருவது அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல நான் யார்.

இரண்டையும் கழற்றிவிட்டால்கூட மதர்போர்டிலிருந்தே டிவிக்குப் படம் வரும். விளையாட முடியாது, ஆனால் ஒரு ரோட்டின் படத்தைக் காட்டலாம். அதை இன்னும் செய்யவில்லை.

ஜூன் 29, சனி

செய்தேன். இரண்டு கார்டுகளும் மேஜைமேல் துணியில் கிடந்தன. டிவியில் ஒரு நேர் ரோட்டின் புகைப்படம்.

"வளையுதுங்க" என்றாள். பிறகு, "இப்ப கார்டு ரெண்டும் வெளிய இருக்குதில்ல?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப டிவியில ஏதாவது இருக்கும்."

"இருக்கலாம்" என்றேன்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். நான் இரண்டு கார்டுகளையும் துடைத்து மறுபடி மாட்டினேன். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. மனசில் இருந்ததை இன்று அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

டிவிக்குப் புதுக் கேபிள் வாங்கினேன்.

ஜூலை 4, வியாழன்

கார்டுகளின் உள்ளே சிப்புக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையில் ஒரு பசை உண்டு. சூட்டைக் கடத்துவதற்கு. இரண்டிலும் பழையதைச் சுரண்டிப் புதிது தடவினேன். மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. மேல் கார்டு நான்கு டிகிரி குறைவாக ஓடுகிறது.

அவள் பேப்பரைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு மடித்து வைத்தாள். "ஒண்ணுமே நியூஸ் இல்லீங்க" என்றாள்.

ஜூலை 7, ஞாயிறு

அவள் விளையாடவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நாச்சிமுத்து என் போனுக்கே கூப்பிட்டான். அவன் என்னிடம் தனியாகப் பேசுவது வழக்கமில்லை.

"மச்சான், அக்கா இல்லீங்களா?"

"படுத்திருக்குது. தலைவலி."

"போன வாரம் நேர் ரோட்டுல போயி மரத்துல உட்டுச்சுங்க மச்சான். வளைவுல இல்ல, நேர் ரோட்டுல. நான் கிண்டல் பண்ணிட்டேன். அதுல கோவமோன்னு…" என்று இழுத்தான். "மெஷின்தானுங்களே மச்சான்?"

"பாத்துட்டு இருக்கிறேன்" என்றேன்.

"பாருங்க மச்சான். நீங்க பாத்தீங்கன்னா கண்டுபுடிச்சிருவீங்க."

இதுவரை அவன் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. போனை வைத்த பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன். இயந்திரத்தில் மாற்றிப் பார்க்க இனி எதுவும் பாக்கியில்லை. வேறொன்று பாக்கி. அது என்னவென்று எனக்கு இரண்டு வாரங்களாகத் தெரியும். கோளாறு கார்டில் என்றால் கழற்றி வேறு மாட்டலாம்.

ஜூலை 9, செவ்வாய்

காலைச் சாப்பாடு முடிந்ததும் டிவியைப் போட்டு அந்த ரோட்டின் படத்தைக் கொண்டுவந்தேன்.

"இன்னும் என்னத்தைங்க மாத்தப் போறீங்க?" என்றாள்.

"மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு சோதனை பாக்கி இருக்குது. வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். நான் நேற்று முழுவதும் இந்த வாக்கியத்தை வேறு வேறு விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். கடைசியில் வந்தது இப்படித்தான்: "ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாரு. அப்புறம் மாத்தி அடுத்ததைப் பொத்து."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இப்ப என்னைக் கழட்டிப் பாக்கறீங்களா?"

நான் டிவியைக் கைகாட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு டிவியைப் பார்த்தாள்.

"நேரா இருக்குது."

கையை மாற்றினாள். இடது கண்ணை மூடினாள். இந்த முறை வெகுநேரம் பார்த்தாள்.

"வளையுதா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் வளைஞ்சு போகுது. நடுவுல ரோடே இல்லீங்க. கரி பூசுன மாதிரி." கையை எடுக்கவில்லை. "ஒரு கார்டு போயிருச்சு."

கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வெள்ளிக்கிழமை போகலாம் என்றாள். இன்றைக்கே என்றேன். சரி, புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன், காரை எடுத்துவிடலாம் என்றாள்.

"கார் வேண்டாம். டாக்ஸி வருது."

கார் சாவி டிவி ஸ்டாண்டின்மேல் இருந்தது. எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடங்களில் அந்தச் சாவியை நான் தொட்டதே இல்லை. சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 10, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையை அவளிடம் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். எங்கள் வீட்டில் நடந்த சோதனையேதான், அட்டை மட்டும் வேறு. அப்புறம் சொட்டு மருந்து, பெரிய கருவிகள், காத்திருப்பு.

வலது கண்ணின் விழித்திரை நடுவில் நீர் கசிகிறது. வயதால் வருவது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதம் ஒன்றாக. கசிவை நிறுத்தலாம். ஏற்கெனவே போன பார்வையில் எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

"எப்போ இருந்தும்மா இப்படித் தெரியுது?" என்று டாக்டர் கேட்டார்.

"சித்திரையில இருந்துங்க" என்றாள் இவள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது டிவியும் இரண்டாவது கார்டும் வந்தது வைகாசியில்.

"ஒரு மாசம் முந்தி வந்திருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பரவால்ல, இப்பவாவது வந்தீங்களே. இடது கண்ணு நல்லா இருக்குது. அதைக் காப்பாத்தணும். தினமும் இந்த அட்டையை ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க. மாத்தம் தெரிஞ்சா அன்னிக்கே வரணும். தள்ளிப் போடக்கூடாது."

டாக்ஸியில் திரும்பும்போது சிங்காநல்லூர் தாண்டினோம். அப்புறம் அவள்தான் பேசினாள்.

"மெஷினாவே இருந்திரக்கூடாதான்னு இருந்துச்சுங்க."

"எனக்கும்" என்றேன்.

ஒரு கண்ணை மூடினால் கோடு நேராகத் தெரியும் என்பது அவளுக்குச் சித்திரையிலேயே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. போட்டோவைப் பார்த்த அன்றே என்னை ஏன் ஒன்றும் கேட்காமல் விட்டீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

முதல் ஊசி. எனக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்துவிட்டது. அவள் கண்ணில் கட்டோடு வந்து, "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. நீங்க எதுக்கு வெளுத்துப் போயி உக்காந்திருக்கீங்க?" என்றாள். வலித்ததா என்று இரவு கேட்டேன். "வலிச்சுதுங்க" என்றாள்.

ஜூலை 15, திங்கள்

சொட்டு மருந்து மூன்று வேளை. ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். சமையல் நான். சாம்பார் சரியாக வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

நாச்சிமுத்து கூப்பிட்டபோது போனை எடுக்க வேண்டாம் என்று தலையாட்டினாள். கண்ணைப் பற்றி அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் காரை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவான் என்றாள். அது மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். அவள் சொல்லாத வரைக்கும் அவனைப் பொறுத்தவரை குற்றம் என் இயந்திரத்தில்தான். இருக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

மத்தியானம் அவள் டிவிமுன் உட்கார்ந்து, "போடுங்க" என்றாள்.

டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தாள். கார் இப்போதைக்குக் கூடாது, டிவி பார்க்கலாம், கண்ணை வருத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மூக்குக்கண்ணாடியின் வலப்பக்கத்தில் அவளே வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டியிருந்தாள்.

"ஒத்தைக் கார்டுலயே ஓட்டிப் பாக்கறேன்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் தவறில்லை. நிஜ ரோட்டில் தூரம் கணிக்க இரண்டு கண்கள் வேண்டும். டிவியின் ரோட்டில் தூரமே கிடையாது, எல்லாம் ஒரே தகட்டில் இருக்கிறது. இதை அவளிடம் விளக்கினேன். "இதைத்தான் நான் ஒரே வார்த்தையில சொன்னேன்" என்றாள்.

இயந்திரத்தின் வேகம் கம்பெனி வைத்த அளவிலேயே இருந்தது. திரையின் மூலையில் எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏன், ஏத்தி வைக்கலையா?" என்றாள்.

"வேண்டாம்னு விட்டுட்டேன்."

"அதுதான் ஒரு குத்தமும் பண்ணலைன்னு ஆயிருச்சே. ஏத்துங்க."

பழைய அளவுக்கு ஏற்றினேன். அவள் போதாது என்பதுபோலப் பார்த்தாள். இன்னும் ஒரு படி ஏற்றினேன்.

காதில் மாட்டுவதை எடுத்து வைத்துவிட்டுச் சத்தத்தை டிவி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். நாச்சிமுத்துவின் குரல் அறை முழுக்க வந்தது.

"அக்கா! என்னக்கா, மச்சான் ரோட்டை நிமித்திட்டாரா?"

"டேய், கேட்டுக்கோ. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல. உங்க மச்சான் ஸ்குரு ஸ்குருவாக் கழட்டி மாட்டிப் பாத்துட்டாரு. என்ற கண்ணுலதான்டா. ஊசி போட்டுட்டு இருக்கறேன். பஸ்ஸை எடுத்துட்டுக் கிளம்பி வராத. இப்ப ஓட்டு."

அவன் பதில் சொல்வதற்குள் பந்தயம் ஆரம்பித்துவிட்டது.

முதல் சுற்றில் அவன் முன்னால் போனான். இரண்டாவது சுற்றில் அவன் கார் தயங்கித் தயங்கி ஓரமாக ஒதுங்கியது.

"டேய், எதுக்குடா ஓரங்கட்டறே?"

"இல்லக்கா, கியர் மாட்டிக்கிச்சு."

"இதுல என்ன கியர்றா மாட்டும்? ஆட்டோமேட்டிக்குடா. எனக்கு வழி உடறியா? பொள்ளாச்சி ரோட்டுல லாரிக்காரனுக்கே வழி உடாதவன் நீயி. ஒழுங்கா ஓட்டு."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. பிறகு அவன் கார் சீறிக்கொண்டு போய்விட்டது. அவள் விடவில்லை. கடைசி நேர் ரோட்டில் அவனுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனாள். நான் மேல் கார்டின் சூட்டைப் பார்க்க வேண்டியவன், பார்க்க மறந்துவிட்டேன்.

அவன் ஐந்தாவது. அவள் ஆறாவது. "அடுத்த வாரம் பாரு" என்று சொல்லி ஸ்பீக்கரை மட்டும் அணைத்தாள். அவன் உடனே என் போனுக்குக் கூப்பிட்டான். "மச்சான்…" என்று மட்டும் சொன்னான். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தபின், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, நின்றுபோயிருந்த ரோட்டை வலது கண்ணால் பார்த்தாள். இரண்டு வாரமாகத் தினமும் காலையில் அட்டையில் பார்க்கிறாள். ஊசிக்குப் பிறகு டிவியில் பார்ப்பது இன்றுதான்.

"வளையுதா?"

"வளையுது." பிறகு, "அன்னிக்கு இருந்ததுக்குக் கம்மியாட்டத் தெரியுதுங்க. கரியும் கொஞ்சம் வெளுத்த மாதிரி. எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னமோ."

ஒரே ஒரு முறை பார்த்ததை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, நாளைக்கும் நாளை மறுநாளும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். நாற்பது வருடம் நூலுக்கு அப்படித்தான் செய்தேன். ஒரு தடவை பார்த்ததை எந்த ஏட்டிலும் ஏற விட்டதில்லை.

இதில் மட்டும் எழுதி வைக்கிறேன்: கம்மியாகத் தெரிகிறது என்றாள்.